பட அட்டைப் பெட்டி: உதவியைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்

ஆட்டிசம் உள்ள அல்லது பேச்சு தாமதப்படும் குழந்தைக்குச் சொற்களைக் கற்றுத்தரும் பட அட்டைகளை, எல்லோரும் முன்பக்கத்துப் படங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். பெட்டியிலிருந்து பத்து அட்டைகளை உருவிக் கவிழ்த்துப் பரப்புங்கள். எது நாய், எது கார் என்று பின்பக்கத்தை வைத்தே சொல்ல முடிகிறதா? படத்தின் நிழல் தாளைத் தாண்டித் தெரியலாம், ஓர் அட்டை மட்டும் வளைந்திருக்கலாம், மூலையில் வரிசை எண் அச்சாகியிருக்கலாம். அப்படியிருந்தால் அந்த அட்டை ஒரே நேரத்தில் இரண்டு பாடம் நடத்துகிறது. ஒன்று நீங்கள் நினைத்தது, இன்னொன்று குழந்தையே கண்டுபிடித்தது. இரண்டாவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், ஏனென்றால் அது சுலபம்.

ஓர் உதாரணம். மேசையில் பந்து, செருப்பு, கப் என்று மூன்று அட்டைகள். நீங்கள் பெயரைச் சொன்னதும் குழந்தை அந்த அட்டையைத் தொட வேண்டும். கப் அட்டையின் கீழ் மூலையில் ஒரு நகக்கீறல், லேமினேஷன் லேசாக வெளுத்திருக்கிறது. "கப்" என்றதும் குழந்தையின் கண் மேலே உள்ள படத்துக்குப் போவதில்லை. கீழ் மூலைகளை வரிசையாக மேய்ந்துவிட்டு, கீறல் உள்ள அட்டையில் விரல் விழுகிறது. ஒன்பதுக்கு ஒன்பது. நோட்டில் நூறு சதவீதம். அதே கப்பின் படத்தை இன்னொரு தாளில் அச்சடித்து வைத்தால் விரல் அந்தரத்தில் நிற்கிறது, மதிப்பெண் மூன்றுக்கு இறங்குகிறது. மூன்று அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒன்று சரியாக வரும் என்பதால், அந்த மூன்று கற்றதே அல்ல.

இந்த மதிப்பீடு ஒரு பிராண்டைப் பற்றியது அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் பேச்சு தாமதப்படும் குழந்தைகளுக்கும் என்று, மேலட்டையில் 'ஏபிஏ முறை' (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு வழியில் கற்பிப்பது) என்று போட்டு விற்கப்படும் கிட்கள் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. போட்டோ அட்டைகள், வெல்க்ரோ ஒட்டிய பலகை, எழுத்து அட்டைகள், ஒரு கையேடு, சிலவற்றில் கூடவே ஒரு ஆப், இன்னும் சிலவற்றில் அதிர்ந்து நினைவூட்டும் சின்னக் கருவி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறோம். அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொருள் கொடுக்கும் உதவியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற முடியுமா? கழற்ற முடியாத உதவி எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் பொருளின் குறைதான்.

செஷன்களில் 'ஸ்டிமுலஸ் கன்ட்ரோல்' என்று புழங்குவதைத் தூண்டல் கட்டுப்பாடு எனலாம். "பந்து" என்று கேட்டால் குழந்தை பந்து அட்டையைத் தொடுகிறது, "செருப்பு" என்று கேட்டால் பந்தைத் தொடாமல் விடுகிறது. இரண்டும் நடந்தால்தான் சொல் அந்தச் செயலைக் கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தம். முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு 'கற்றுக்கொண்டான்' என்று எழுதுவது இந்தத் துறையின் ஆகப் பழைய தவறு. ப்ராம்ப்ட் என்பது சரியான பதிலை வரவழைக்கத் தற்காலிகமாகச் சேர்க்கும் கூடுதல் தூண்டல். சுட்டுவது, செய்து காட்டுவது, கையைத் தொட்டு வழிநடத்துவது, அட்டையை முன்னால் தள்ளி வைப்பது எல்லாம் ப்ராம்ப்ட்தான். கடைசியில் கட்டுப்பாடு ப்ராம்ப்ட்டிலிருந்து சொல்லுக்கு மாறியாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு கிட் உதவுகிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதே கேள்வி.

போட்டோ அட்டைகள்

பார்டர் நிறம்தான் முதல் வில்லன். விலங்குகளுக்கு மஞ்சள் ஓரம், வாகனங்களுக்கு நீல ஓரம் என்று அழகாகப் பிரித்திருப்பார்கள். எடுத்து அடுக்கும் பெரியவர்களுக்கு வசதி. ஆனால் "விலங்கை எல்லாம் ஒன்றாக வை" என்று வகைப்படுத்தக் கற்றுத்தரும்போது குழந்தை மஞ்சளை மஞ்சளோடு சேர்க்கிறது. மாடு விலங்கு என்பது அதன் தலைக்குள் போகவே இல்லை. தீர்வு எளிது: ஸ்கேலும் கத்தரிக்கோலும் எடுத்து ஓரத்தை வெட்டிவிடுங்கள். எல்லா அட்டையையும் ஒரே அளவுக்கு வெட்ட வேண்டும். ஒன்று மட்டும் சிறுத்தால் அதுவே அடுத்த அடையாளம்.

பின்னணியும் அப்படித்தான். நாய் புல்வெளியில், கார் சாலையில், மீன் நீலத்தில் என்று இருந்தால் புல் 'நாய்' ஆகிவிடும். வெள்ளைப் பின்னணியில் பொருள் மட்டும் உள்ள அட்டைகள் தொடக்கத்துக்கு நல்லவை. அதிலேயே நின்றுவிட்டால், தெருவில் போகிற நாயை நாய் என்று தெரியாது. ஒரு சொல்லுக்குக் குறைந்தது மூன்று வேறுபட்ட படங்கள் வேண்டும். சிவப்புப் பந்து ஒன்றை மட்டும் வைத்துப் 'பந்து' கற்றுத்தரும் கிட், சிவப்பையும் வட்டத்தையும் சேர்த்தே கற்றுத்தருகிறது, எது பிடிபட்டது என்று சொல்ல வழியில்லை. சிவப்புப் பந்து, நீலப் பந்து, கோடு போட்ட பந்து, இவற்றோடு 'பந்து அல்லாத' சிவப்புத் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பி அட்டையை வைக்கும் கிட்கள் அபூர்வம். இருந்தால் தயாரித்தவருக்கு விஷயம் தெரியும் என்று நம்பலாம்.

இதில் அக்கறை ஏன் என்றால், 1971-இல் உளவியலாளர் லோவாஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றே போதும். ஒளி, ஒலி, தொடுதல் மூன்றும் ஒன்றாக வரும்போது பதில் சொல்லப் பழக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுக்கே பதில் சொன்னார்கள். பல கூறுகளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் இந்தப் போக்குக்கு அதீதத் தேர்வு என்று பெயர். எந்தக் கூறைப் பற்றும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பற்றக்கூடாத கூறுகளை அட்டையிலிருந்தே எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும். பளபளப்பான அட்டையில் விளக்கு பிரதிபலித்து, குழந்தை உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் பட்டைதான் தெரியும். வாங்கியதும் அந்த நாற்காலியில் நீங்களே தலையைத் தாழ்த்திப் பார்த்துவிடுங்கள்.

பலகை

மூன்று இடங்களில் வெல்க்ரோ ஒட்டி, நகர்த்த முடியாத பலகை. அட்டை சரியாமல் நிற்கும், அவ்வளவுதான் லாபம். நஷ்டம் பெரியது: இடத்தால் கொடுக்கும் ப்ராம்ப்ட்டை இதில் படிப்படியாகக் குறைக்க முடியாது. வெறும் மேசையில் சரியான அட்டையை மற்றவற்றைவிட 10 செ.மீ. குழந்தைக்கு அருகில் வைக்கலாம். இரண்டு செஷன் நன்றாகப் போனால் 7, பிறகு 4, பிறகு 2, கடைசியில் சமவரிசை. 4-லிருந்து ஒரேயடியாகச் சமவரிசைக்குத் தாவும்போது பெரும்பாலும் சரியும். அப்போது முந்தைய படிக்குத் திரும்பி, நடுவில் ஒரு படி சேர்த்துக்கொள்ள வேண்டும். பலகையில் படி என்பதே கிடையாது. ஓரமாக வைத்துவிட்டு, வழுக்காத விரிப்பு ஒன்றை மேசையில் போடுங்கள்.

எழுத்து அட்டைகள்

இதில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. அ பக்கத்தில் அணில், ஆ பக்கத்தில் ஆடு. எழுத்தைவிட அணில் நான்கு மடங்கு பெரிது, கலரும் உண்டு. குழந்தை "அ" என்று சொல்வது அணிலைப் பார்த்து. படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் கேளுங்கள், உண்மை தெரியும். படத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அச்சுச்சொல்லைக் கற்பது தடைப்படுகிறது என்பதை 1967-லேயே சாமுவேல்ஸ் சோதித்துக் காட்டினார். கிட் தயாரிப்பவர்கள் இன்னும் அதையே அச்சடிக்கிறார்கள். அணில் படத்தை மங்கலாக்கி, இன்னும் மங்கலாக்கி, கடைசியில் எழுத்து மட்டும் நிற்கிற ஐந்தாறு அட்டைகளைத் தொடராகத் தந்தால் ஒரு வாதம் இருக்கும். ஒரே அட்டையில் நிரந்தரமாக ஒட்டிவைத்தால், கழற்ற முடியாத ப்ராம்ப்ட்டுக்குப் பாடப்புத்தக உதாரணம் அது.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் உதவி எழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ண, ன இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு சுழியின் எண்ணிக்கையில்: ண-வுக்கு மூன்று, ன-வுக்கு இரண்டு. பல குழந்தைகள் தடுமாறும் இடம். ண அட்டைக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினால் அது வெளியிலிருந்து சேர்த்த உதவி. குழந்தை மஞ்சளைப் பார்க்கும், சுழியைப் பார்க்காது, ஸ்டிக்கரை உரித்த அன்று எல்லாம் போய்விடும். அதற்குப் பதிலாக ண-வின் கூடுதல் சுழியை மட்டும் தடித்த கோட்டில், மற்ற சுழிகளைவிடப் பெரிதாக வரைந்து தொடங்குங்கள். அடுத்த அட்டையில் தடிமன் கொஞ்சம் குறையட்டும், அதற்கடுத்ததில் அளவும் குறையட்டும். ஆறாவது அல்லது ஏழாவது அட்டையில் சாதாரண ண. கண் முதலிலிருந்தே பார்க்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, ஆகவே உதவி கரைந்தாலும் பார்வை அங்கேயே நிற்கும். வெளி உதவி, உள் உதவி என்ற இந்த வேறுபாட்டை 1975-இல் ஷ்ரைப்மன் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார். உள் உதவிதான் கற்க வைத்தது. கணினியில் எழுத்தை வரைபடமாக மாற்றத் தெரிந்த யாரும் ஒரு மாலையில் இதைச் செய்துவிடலாம். எந்தக் கிட்டிலாவது இப்படி ஒரு தொடர் இருந்தால் அதற்காகவே வாங்கலாம்.

கையேடு

மற்ற பாகங்களின் குறையைக் கத்தரிக்கோலால் சரிசெய்துவிடலாம். கையேட்டின் குறை பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும்.

வழக்கமாக வரும் முதல் ஆலோசனை: 'ஒரே ஓர் அட்டையில் தொடங்குங்கள். பிறகு வெற்று அட்டை ஒன்றைச் சேருங்கள், பிறகு இன்னொரு படத்தை.' கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மேசையில் ஒரே அட்டை இருக்கும்போது "பந்து" என்றாலும் "வா" என்றாலும் தும்மினாலும் குழந்தை அதைத்தான் தொடப்போகிறது. சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. சொல்லைக் கேட்காமலேயே ஜெயிக்கலாம் என்று வாரக்கணக்கில் பழக்கிவிட்டு, பிறகு இரண்டு அட்டை வைத்ததும் 'கவனிக்கவே மாட்டேன் என்கிறான்' என்று குறைப்படுவதில் பயனில்லை. 2011-இல் குரோவும் உடன் பணியாற்றியவர்களும் இரு முறைகளையும் ஒப்பிட்டதில், முதலிலிருந்தே மூன்று அட்டைகளையும் வைத்துச் சொல்லை மாற்றி மாற்றிக் கேட்கும் முறையே சிறப்பாக இருந்தது. மூன்றில் தொடங்குங்கள். தவறு வராமல் பார்த்துக்கொள்வது ப்ராம்ப்ட்டின் வேலை, அட்டையைக் குறைப்பதன் வேலை அல்ல.

மூன்று அட்டையென்றால் வரிசையை மனம்போன போக்கில் மாற்றக்கூடாது. மனித மனம் சீரற்ற வரிசை போடத் தெரியாதது. நடு இடத்துக்கே அடிக்கடி போகும். ஒருமுறை கேட்டுப் பதில் வாங்குவது ஒரு ட்ரயல். கேட்கும் சொல்லையும் அதன் அட்டை இருக்கும் இடத்தையும் ஒன்பது ட்ரயலுக்கு முன்கூட்டியே எழுதிவையுங்கள். எடுத்துக்காட்டாக: பந்து இடது, கப் வலது, செருப்பு நடு, கப் இடது, பந்து வலது, செருப்பு வலது, கப் நடு, பந்து நடு, செருப்பு இடது. ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை, ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை. ஒரே இடம் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வரவில்லை, ஒரே சொல் அடுத்தடுத்து வரவே இல்லை. கிட்டோடு இப்படி அச்சிட்ட தாள்கள் ஒரு கட்டு வந்தால் அது படங்களைவிட மதிப்புள்ள பொருள். பெரும்பாலும் வருவதில்லை.

அடுத்தது, எதைச் சொல்வது. வேறு மொழியில் எழுதி மொழிபெயர்த்த கையேடுகள் 'பந்தைத் தொடு, மரத்தைத் தொடு' என்று சொல்லச் சொல்கின்றன. தமிழில் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மரம், மரத்தை ஆகிறது. வீடு, வீட்டை ஆகிறது. நமக்கு ஒரே சொல். இப்போதுதான் ஒலிகளைப் பிரிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு 'மரம்' வேறு, 'மரத்தை' வேறு. ஒருவர் "மரம் எங்கே?" என்றும் இன்னொருவர் "மரத்தைக் குடு" என்றும் கேட்டால், ஒரே அட்டைக்கு இரண்டு தூண்டல்கள். போதாததற்கு எல்லா வாக்கியமும் "தொடு" என்றே முடிவதால், கடைசியாகக் காதில் விழுவது எப்போதும் ஒன்றுதான், வேறுபாடு தெரிய வேண்டிய சொல் முன்னால் புதைந்துபோகிறது. ஆரம்பத்தில் பெயரை மட்டும் சொல்லுங்கள்: "மரம்." வேற்றுமை உருபு, வினா எல்லாம் பிறகு, அதையும் திட்டமிட்டே சேர்க்க வேண்டும்.

முதல் மூன்று சொற்களைத் தேர்வதிலும் காது வேண்டும். பூ, பூனை இரண்டும் ஒரே தொகுதியில் கூடாது. நாய், நாற்காலி கூடாது. பல், பால் கூடவே கூடாது. அகர வரிசையில் அடுக்கிய கிட்டை அப்படியே எடுத்தால் இந்தப் பொறியில் நேராகப் போய் விழுவோம். ஒலியிலும் உருவத்திலும் தள்ளித் தள்ளி இருப்பவையாகப் பொறுக்குங்கள்.

மூன்றாவது ஆலோசனை: 'பதில் வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள்.' வேண்டாம். "பந்து... பந்து... பந்து எங்கே?" என்று பழக்கினால் மூன்றாவது தடவைதான் உண்மையான கட்டளை என்று குழந்தை சரியாகவே கற்றுக்கொள்ளும். ஒருமுறை சொல்வது, காத்திருப்பது, ப்ராம்ப்ட் கொடுப்பது.

எவ்வளவு காத்திருப்பது என்பதற்குத்தான் கால தாமத முறை. முதல் இரண்டு செஷன், அதாவது 18 ட்ரயல், தாமதம் 0 நொடி: சொல்லும் சுட்டுதலும் ஒரே கணத்தில். தவறுக்கு இடமே இல்லை. பிறகு 4 நொடி காத்திருந்து சுட்டுவது. இது நிலையான தாமதம். 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போவது ஏறும் தாமதம். கணக்கு வைப்பது கொஞ்சம் சிரமம், ஆனால் அவசரப்படும் குழந்தைகளுக்கு நல்லது. 1971-இல் டஷெட் இதைப் பயன்படுத்தியபோது, உதவி வரும் முன்பே பதில் வரத்தொடங்கும் ட்ரயலைச் சரியாகச் சுட்டிக்காட்ட முடிந்தது. கட்டுப்பாடு கைமாறும் கணம் கண்முன் நடப்பதைக் காட்டுகிற முறை வேறொன்று இவ்வளவு எளிதாக இல்லை.

இதற்கு மதிப்பெண் தாள் ஒத்துழைக்க வேண்டும். கிட்களின் தாளில் டிக், குறுக்குக்கோடு இரண்டுதான். போதாது. நான்கு குறி வேண்டும்: உதவிக்கு முன்பே தானாகச் சரி 'தா', உதவிக்குப் பின் சரி 'உ', உதவிக்கு முன்பே தவறு 'மு', உதவி கொடுத்தும் தவறு 'பி'. ஒரு பக்கம் நிறைந்ததும் படித்துப் பாருங்கள். 'மு' நிறைய என்றால் காத்திருக்கத் தெரியவில்லை. தாமதத்தைக் குறைத்து, காத்திருத்தலையே தனியாகப் பழக்குங்கள். 'பி' நிறைய என்றால் உதவி போதவில்லை. சுட்டுவதை விட்டு, செய்து காட்டுவதற்கோ கைத்தொடுதலுக்கோ போங்கள். மூன்று செஷனாக 'உ' மட்டுமே வந்துகொண்டிருந்தால் அதுதான் ப்ராம்ப்ட் சார்பு, அதாவது உதவி வராமல் பதிலே வராத நிலை. குழந்தைக்கு விடை தெரியாது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். காத்திருந்தாலும் அதே பரிசு கிடைக்கிறது என்றால் யார்தான் யோசிப்பார்கள்? 'தா'-வுக்கு ஆசைப்பட்ட பொம்மையோடு முப்பது நொடி, 'உ'-வுக்கு "சரி" என்ற ஒற்றைச் சொல். இந்த வித்தியாசத்தை வைத்ததும் நிறையக் குழந்தைகள் நகர்ந்துவிடுகிறார்கள். டிக் மட்டும் போடும் தாளில் 'உ'-வும் 'தா'-வும் ஒன்றாகக் கலந்து, எண்பது சதவீதம் என்று பொய்யான நிம்மதி தரும்.

தவறு நேர்ந்தால் கையைப் பிடித்துச் சரியான அட்டையில் வைத்து, பாராட்டிவிடச் சொல்லும் கையேடுகள் உண்டு. இதில் இரண்டு கோளாறு. முதலில், தவறு-திருத்தம்-பாராட்டு என்பது ஒரே சங்கிலியாகி, தவறே பாராட்டுக்கு முதல் படியாகிவிடும். அதற்குப் பதிலாக அட்டைகளை எடுத்துவிடுங்கள். இரண்டு நொடி. திரும்ப வைத்து அதே சொல், 0 நொடியில் உதவி. நடுவில் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பிறகு அதே சொல்லை உதவியின்றி. அங்கே சரியாக வந்தால்தான் பாராட்டு. இன்னொன்று, கையைப் பிடிப்பது. உடல் வழி உதவி பெரியவர் நினைத்தவுடன் எடுக்கும் கருவி அல்ல. குழந்தை கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், அது மறுப்பு. முழங்கையில் லேசாகத் தொடுவதே போதுமான இடத்தில் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லும் கையேட்டை மூடி வையுங்கள். ஜிப் போடுவது, பல் துலக்குவது போன்ற உடல் வேலைகளில் கணத்துக்குக் கணம் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வழிநடத்துவதற்கு இடமுண்டு, அதுவும் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில். அட்டை தொடுவதற்கு அது தேவைப்படுவது குறைவு.

எந்தக் கையேட்டிலும் காணாத ஒரு பக்கத்தை நாங்களே சேர்க்கிறோம்: நீங்களே ப்ராம்ப்ட் ஆகிவிடும் பக்கம். சரியான அட்டையைக் கடைசியாக வைப்பது. சொல்லும்போது கண் அதன் மேல் போவது. குழந்தையின் விரல் தவறான அட்டைக்கு மேல் போகும்போது மூச்சைப் பிடிப்பது, சரியானதன் மேல் வந்ததும் தலையசைப்பது, அல்லது பேனா தாளை நோக்கி இறங்குவது. ஜெர்மனியில் கணக்குப் போடும் என்று புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்பவரின் உடல் அசைவைப் பார்த்தே எப்போது குளம்பு தட்டுவதை நிறுத்துவது என்று அறிந்தது; 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை விளக்கினார். குதிரைக்கு முடிந்தது குழந்தைக்கு முடியாதா? சோதனை சுலபம். அட்டைகளை அடுக்குகிறவர் எழுந்துபோய், எதிர் இருக்கை காலியாக இருக்க, குழந்தைக்குப் பின்னாலிருந்து சொல்லட்டும். மதிப்பெண் விழுந்தால் இதுவரை படிக்கப்பட்டது உங்கள் முகம்.

ஆப்

படங்கள் தெளிவு, இடங்களைத் தானே மாற்றுகிறது, கணக்கும் தானே எழுதுகிறது. இந்த மூன்றுக்காக ஆப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் செட்டிங்கைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

சரியான படம் தானாக ஒளிர்கிறதா? எத்தனை நொடியில் என்பதை மாற்ற முடிகிறதா? மாற்ற முடியாவிட்டால் குழந்தை ஒளிர்வதற்காகக் காத்திருக்கும். பொறுமைசாலியாக இருப்பதுதான் அந்த ஆப்பில் வெற்றிக்கு வழி. ஒளிர்வின் அளவைப் படிப்படியாக மங்கலாக்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்த இடத்தில் ஆப்பால் காகிதத்தைவிட நன்றாகச் செய்ய முடியும், செய்பவை சில. 1963-இல் டெரஸ் புறாக்களிடம் செய்தது இதைத்தான்: கொத்தக்கூடாத விசையை முதலில் மங்கலாகவும் மிகச் சிறிது நேரமும் காட்டி, ஒளியையும் நேரத்தையும் மெல்ல ஏற்றினார். புறாக்கள் தவறே இல்லாத அளவுக்கு நெருக்கமாக வேறுபடுத்தக் கற்றன.

தவறான படத்தைத் தொட்டால் என்ன ஆகிறது? 'பொய்ங்' என்று வேடிக்கைச் சத்தமும் குலுங்கும் முகமும் வந்தால், சில குழந்தைகளுக்கு அதுதான் பரிசு. சரியான பதிலின் கைதட்டலைவிட அது சுவாரசியம். சத்தத்தை அணைக்க வழியில்லையென்றால் ஆப்பை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, உதவியுடன் வந்த விடையும் உதவியில்லாமல் வந்த விடையும் அறிக்கையில் தனித்தனியாக வருகிறதா. மேலே சொன்னதுதான்.

அதிர்வுக் கருவி

பாக்கெட்டிலோ மணிக்கட்டிலோ வைத்து, குறித்த இடைவெளியில் அதிர்ந்து ஒரு செயலை நினைவூட்டும் பெட்டி. 1998-இல் டெய்லரும் லெவினும் இத்தகைய கருவியைக் கொண்டு, ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை விளையாட்டின்போது தானே பேச்சைத் தொடங்கப் பழக்கினார்கள். பெரியவர் பக்கத்தில் நின்று "சொல்லு, சொல்லு" என்று தூண்டாமலிருப்பதே இதன் பெருமை. மற்ற குழந்தைகளுக்கும் தெரியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை குறைவு. இடைவெளியை மாற்ற முடிய வேண்டும், ஒழுங்கற்ற இடைவெளியும் இருக்க வேண்டும். சரியாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்ந்தால் குழந்தை நண்பனின் முகத்தைப் பார்ப்பதை விட்டு அதிர்வுக்குக் காத்திருக்கும். அதிர்வின் வலிமைக்கு மூன்று நிலையாவது வேண்டும், குறைத்துக் குறைத்துக் கழற்ற. மர மேசையில் வைத்துப் பாருங்கள், உறுமினால் வகுப்பறைக்கு ஆகாது. அதிர்ந்தவுடன் என்ன செய்வது என்று கருவி கற்றுத்தராது. முதலில் அதிர்வையும் அந்தச் செயலையும் கைவழி காட்டி இணைத்த பிறகே பாக்கெட்டுக்குள் போக வேண்டும். இடைவெளியை 1 நிமிடத்திலிருந்து 2, 4, 8 என்று நீட்டும்போது, நண்பன் புதுப் பொம்மையை எடுக்கிறான் என்பது போன்ற இயல்பான சமயங்கள் அதிர்வின் இடத்தைப் பிடிக்க வேண்டும். அது நடக்காமல் இடைவெளியை மட்டும் நீட்டினால் பேச்சும் அதே விகிதத்தில் குறையும்.

ஆக, போட்டோ அட்டைகள் மேட்டாக, எண் இல்லாமல், ஒரு சொல்லுக்கு மூன்று படங்களோடு இருந்தால் வாங்குங்கள். அதிர்வுக் கருவியைத் தனியாக, தேவை வரும்போது. பலகை, படம் ஒட்டிய எழுத்து அட்டைகள் இரண்டுக்காகவும் பெரிய பெட்டிக்குப் போக வேண்டாம். கையேட்டைப் படிக்கலாம், பின்பற்றுவதற்கு முன் குழந்தையின் நடத்தைப் பகுப்பாய்வாளரிடம் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம். ஓர் அட்டை தொலைந்தால் அதை மட்டும் தனியாகத் தருகிறார்களா என்று கேட்பார்கள். தந்தாலும் அதை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற இரண்டும் ஓரம் மடங்கி நிறம் மங்கியிருக்கும், புதியது பளிச்சென்று நிற்கும், அடுத்த செஷனில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் விரல் அங்கேதான் போகும். தொகுதியில் உள்ள மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.